மோட்டார் ஓடியும் நில்லாத வியாழன்



என் தங்கை மகன் தன் முதற் சம்பளத்தில் மோட்டார் பூட்டிய தொலைநோக்கி ஒன்றை வாங்கினான். முதலிரவே ஏமாற்றம். கீழ்வானில் இருந்த வியாழனைக் கண்வில்லையின் நடுவே நிறுத்துவான். மோட்டாரும் வண்டுபோல் முரலும். ஆயினும் பாட்டியைக் கைப்பிடித்து மாடிக்கு அழைத்து வருவதற்குள் கோள் பார்வையை விட்டு அகன்றிருக்கும். "மாமா, மோட்டார் பழுது, கடைக்கே திருப்பி அனுப்பிவிடுகிறேன்" என்றான். "முதலில் ஒரு கைக்கடிகாரம் கொண்டுவா" என்றேன்.

புவி 23 மணி 56 நிமிடத்தில் ஒரு முறை சுழல்வதால், வானம் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை மேற்கே நகர்வதாகத் தோன்றுகிறது. நிலவின் அகலம் அரைப்பாகையே. அத்தொலைவை வானம் இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். அதே வேகத்தில் குழலைத் திருப்புவதே மோட்டாரின் வேலை.

மோட்டாரை நிறுத்திப் பார்த்தோம். நடுவிலிருந்து விளிம்பை அடைய வியாழனுக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. இனி மோட்டாரை ஓட்டியும் அதே ஒரு நிமிடமே ஆகுமாயின், மோட்டார் சுழல்கிறது, குழல் சுழலவில்லை என்று பொருள். அச்சை இறுக்கும் திருகு தளர்ந்திருக்கும். பாதி நேரமே ஆகுமாயின், மோட்டார் எதிர்த்திசையில் ஓடுகிறது. வடகோளம், தென்கோளம் எனக் குறித்த விசை இருந்தால் அது தெற்கில் நிற்கும். (விட்டு விட்டு ஓடினால் மின்கலங்களை மாற்றிப் பாருங்கள், பாதிக் குறைகள் அங்கேயே தீரும்.)

எங்களுக்கோ இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலாயிற்று. வியாழன் மேற்கே செல்லாமல் வடக்கே சரிந்தது. மோட்டார் செம்மையாகவே உழைத்திருக்கிறது! கோணலாய் இருந்தது, அது சுழலும் அச்சு. அவ்வச்சு வானத்தின் வடதுருவத்தை நோக்க வேண்டும். துருவத்தின் உயரமோ நாம் வாழும் ஊரின் அட்சரேகைக்குச் சமம். மதுரைக்கு அது ஏறத்தாழ 10 பாகை. தாங்கியின் அளவுகோலைப் பார்த்தால், பெட்டியிலிருந்து எடுத்தபடியே 40இல் நின்றது!

அதனைத் தாழ்த்துவதும் எளிதாயில்லை. தென்னாட்டின் தாழ்ந்த அட்சரேகையை மனத்திற்கொள்ளாது செய்யப்பட்ட தாங்கிகள் பல. எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் முட்டியது. அளவுகோலும் 15க்குக் கீழே இறங்க மறுத்தது. வடக்கு நோக்கிய காலைச் சற்றே குறுக்கி, எஞ்சிய 5 பாகையைச் சரிக்கட்டினோம். இதில் கவனம் தேவை. மிகுதியாய்ச் சாய்த்தால் முழுதும் கவிழ்ந்துவிடும். துருவ விண்மீனைப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைத்தமையால், திசைகாட்டியை நம்பினோம். நம் பகுதியில் அது காட்டும் வடக்கு மெய்யான வடக்கினின்று பெரிதும் விலகாது. ஆனால் எதிர்எடையின் இரும்பருகே வைத்தால் பொய் சொல்லும்.

மீண்டும் மோட்டாரை ஓட்டினோம். கால் மணி நேரம் கடந்தும் வியாழன் பார்வைக்குள்ளேயே இருந்தது. என் அன்னை மெதுவாகப் படியேறி வந்து, மூச்சு வாங்கி, கண்ணாடியைத் துடைத்து அணிந்து, பிறகே குனிந்தார். "பக்கத்தில் வரிசையாக மூன்று புள்ளி தெரிகிறதே, அவை என்னடா?" என்று பேரனைக் கேட்டார்.