வினா யாருடையது?

வந்தாறுமூலையில் 1981 இல் தோன்றிய மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கு சிறப்புப் பட்டம் பெறும் மாணவர் கலாநிதிப் பட்ட ஆய்வுக்குப் புலமைப்பரிசில் வேண்டி விண்ணப்பிக்கத் தொடங்கும்பொழுது அவர்களுக்கு வழங்கப்படும் முதல் அறிவுரை யாது? 'பணம் தருவோர் எதனை விரும்புகின்றனரோ அதனையே ஆய்வுப் பொருளாக எழுதுக' என்பதே. இஃது உலகியலறிவு போலத் தோன்றும். ஆயின், புலமையை வேரோடு வெட்டும் அறிவுரை இதுவே. வினாவைப் பிறர் தீர்மானிக்க விட்டவன் விடையை மட்டும் தனதென்று கூறல் இயலாது.

வாவிக்கரை வினாக்களற்ற நிலமன்று. தாய்வழிக் குடிமுறை, கண்ணகி வழிபாடு, வடமோடி தென்மோடிக் கூத்துக்கள், தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் ஊர்களின் வரலாறு, வாவியின் மீன்வளமும் கண்டற்காடுகளும் என அவை விரியும். ஆயினும், இப்பகுதியின் குடிமுறையை மிக விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே ஆவார். 1969 இல் அக்கரைப்பற்றிற் களஆய்வைத் தொடங்கிய அவர், 1974 இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவருடைய பெருநூல் 2008 இல் வெளிவந்தது. ஏறத்தாழ நாற்பதாண்டு உழைப்பின் விளைவு அது. அவரைக் குறைகூறுதல் நன்றியின்மையாகும். அத்தகைய நெடிய உழைப்புக்கு வேண்டிய ஊதியமும் ஓய்வும் இம்மண்ணின் பட்டதாரிக்கு வாய்க்கவில்லை என்பதே குறை. அவனுக்குக் கிடைப்பது தற்காலிக உதவி விரிவுரையாளர் பதவி. அதன் காலம் முடிந்ததும் அவனுடைய வினாவும் அவனோடு வெளியேறுகின்றது.

'விபுலாநந்த அடிகள் கலாநிதிப் பட்டம் பெற்றா யாழ்நூல் எழுதினார்?' என்று கேட்போர் உளர். ஆய்வுக்குப் பொருள் ஒதுக்க மனமில்லாதார்க்கு இக்கேள்வி நல்ல கேடயம். காரைதீவிற் பிறந்த அடிகள் 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். யாழ்நூலை 1947 இல் கரந்தைத் தமிழ்ச்சங்கம் வெளியிட்டது. பதவியும் நூலகமும் புரவலர் துணையும் அவருக்கும் வேண்டியிருந்தன. ஆயின் வினா அவருடையதாகவே இருந்தது. அவரது வாழ்வு மெய்ப்பிப்பது இதனையேயன்றி, ஆராய்ச்சிக்கு ஆதரவு வேண்டா என்பதையன்று.

அயல்நாடு செல்லலாகாது என்பதும் பொருந்தாது. 1950 இல் இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்று மீண்ட சு. வித்தியானந்தன், 1960களில் மட்டக்களப்புக் கூத்துக்குப் பேராதனையில் மேடையமைத்தார். அவருடைய மாணவர் சி. மௌனகுரு, தம் மண்ணின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியருமானார். சென்றவர் மீண்டதும், மீண்டவர் மாணவரை உருவாக்கியதுமே பயன் தந்தன.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவானவை. கற்பித்தற் சுமையற்ற, ஊதியத்துடன் கூடிய ஆய்வுப் பதவிகள் வந்தாறுமூலையில் நிறுவப்படல் வேண்டும். அவற்றுக்கான அழைப்பு யாவரும் அறிய வெளியிடப்படல் வேண்டும். தேர்வுக் குழு சிபாரிசுக் கடிதத்தின் கையொப்பத்தை நோக்குமுன் விண்ணப்பதாரியின் வினாவை நோக்குதல் வேண்டும். விரிவுரையாளரும், தம் ஆய்வுக்குத் தரவு திரட்டும் கைகளாக மாணவரைக் கருதும் வழக்கத்தைக் கைவிடல் வேண்டும்.

மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. விண்ணப்பப் படிவம் எந்நாட்டிலிருந்தும் வரலாம். பணமும் எங்கிருந்தும் வரலாம். 'ஆய்வுப் பொருள்' என்ற இடத்தை நிரப்பும் வேளையில் அவர்கள் முதலிற் கேட்க வேண்டியது ஒன்றே: இவ்வினாவுக்கு விடை கிடைத்தால் வாவிக்கரையில் எவர்க்கேனும் அது வேண்டப்படுமா? 'ஆம்' என்று நெஞ்சறியச் சொல்ல இயலாதவர் அப்படிவத்தை மீண்டும் எழுதத் தொடங்குவதே முறை.