ஒரே அளவுகோல் வேண்டும்



அகளிப் பகுதியில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பிள்ளையாவது வளைகுடா நாட்டில் இருக்கிறது. என் இளைய மகன் துபாய்க்குப் போன புதிதில், அவன் முகம் பார்த்துப் பேச என் மனைவி கைப்பேசியோடு காத்திருப்பாள். வாட்ஸ்அப்பில் எழுத்து வரும், படம் வரும். அழைப்பு மட்டும் கிடைக்காது. சிக்னல் இல்லையோ என்று நான் மொட்டைமாடிக்கு ஏறினேன். குறை நம் மலையில் இல்லை. ஐக்கிய அரபு அமீரகம் வாட்ஸ்அப், ஸ்கைப் அழைப்புகளைத் தடுத்து வைத்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

'வி.பி.என். போட்டுப் பேசச் சொல்லுங்கள்' என்றார் நண்பர் ஒருவர். பிள்ளைகளுக்கு அந்த யோசனையைச் சொல்லாதீர்கள். இணைய முகவரியை மறைத்துக் குற்றம் செய்தால் அந்நாட்டில் அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் தொடங்கி 20 லட்சம் வரை போகும். அனுமதி பெற்ற செயலியில் பேசுவதே நல்லது.

மகனுக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. ஒரே வேலை, சம்பளம் மட்டும் பாஸ்போர்ட்டைப் பார்த்து. இனம், நிறம், மதம், பிறந்த நாடு பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது 2022 பிப்ரவரியில் அங்கே நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம். சட்டம் ஏட்டில் இருக்கிறது. சம்பளக் கவரில் இல்லை என்கிறான் அவன். கேட்டு எனக்குக் கோபம் பொங்கியது.

அந்தக் கோபம் ஆறுமுன்பே என் வீட்டுச் சுற்றுச்சுவர் வேலை வந்தது. நம் ஊர்ச் சித்தாளுக்கு ஒரு கூலி, அதே கல்லைச் சுமந்த அஸ்ஸாம் பையனுக்கு அதைவிடக் குறைந்த கூலி. கொடுத்தவன் நான்தான். அரசு இவர்களை 'அதிதி தொழிலாளி' என்கிறது. பெயரில் மட்டும் விருந்தாளி! மாலையில் அவன், ஊரில் உள்ள அம்மாவோடு பேச வேண்டும், வைஃபை பாஸ்வேர்டு கிடைக்குமா என்று கேட்டான். கண்டவர்களுக்கும் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே வந்ததும் மனைவி கேட்டாள்: "ஏங்க, நம்ம பையனுக்கு லைன் கிடைக்கலைன்னு மாடிக்கு ஓடினீங்களே, இவன் எந்த மாடிக்குப் போவான்?"

எனக்குப் பதில் இல்லை.

நாமும் வந்தேறிகள்தான். 'பாண்டி' என்று யாராவது கூப்பிட்டால் மனம் சுருங்கியது மறந்துவிட்டதா? இந்த அட்டப்பாடி மண் இருளர், முடுகர், குறும்பர்களுடையது. 2018 பிப்ரவரியில், உணவுப் பொருள் திருடினார் என்று சொல்லி ஓர் ஆதிவாசி இளைஞரை இங்கேதான் அடித்துக் கொன்றார்கள். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. சொந்த மண்ணிலேயே ஒருவரை அந்நியராக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இணையம் ஆடம்பரம் அல்ல. இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கல்லூரி விடுதி மாணவி தொடுத்த வழக்கு அது. உரிமை மாணவிக்கு மட்டுமா, கல் சுமப்பவனுக்கு இல்லையா?

ரயில்வேயில் பல ஆண்டுகள் தண்டவாளத்தோடு வாழ்ந்தவன் நான். அகலப் பாதை என்றால் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1676 மில்லிமீட்டர். பாலக்காட்டில் ஓர் அளவு, ஷொரணூரில் ஓர் அளவு என்று வைத்தால் வண்டி கவிழும். நியாயமும் அப்படித்தான். துபாயில் என் மகனுக்குக் கேட்கும் அளவை அகளியில் அடுத்தவர் மகனுக்கும் நான் வைக்க வேண்டும்.

மறுநாள் அந்தப் பையனுக்குக் கூலியைச் சமமாக்கினேன், பாஸ்வேர்டையும் கொடுத்தேன். நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: மாலையில் ஒரு மணி நேரம் சங்கத்து இணைய இணைப்பை வெளியூர்த் தொழிலாளர்களுக்குத் திறந்துவிடுவோம். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பெரியவர்கள் சொன்னது வீணுக்கல்ல.