ரோம் போகும் கப்பல் ரோமில் நிற்காது!

'அப்பாவுக்கு இப்போதுதான் அறுபதாம் கல்யாணம் முடிந்தது. குடும்பத்தோடு ஒரு க்ரூஸ் போகலாம் என்றிருக்கிறோம். ஐரோப்பாவா, அலாஸ்காவா, கரீபியனா?' என்று கேட்டிருக்கிறார் வாசகி ஒருவர். கடைசி வரியில், 'அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு' என்றும் எழுதியிருக்கிறார். அந்தக் கடைசி வரியிலிருந்துதான் ஊரைத் தேர்ந்தெடுக்கவே தொடங்க வேண்டும்.

மத்தியதரைக் கடல் பயண விளம்பரத்தில் ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். ஆனால், ரோமுக்கான கப்பல் நிற்பது சிவிடவெக்கியா என்ற துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். ஃப்ளாரன்ஸுக்கு லிவோர்னோவில் இறங்க வேண்டும். அதுவும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். வெனிஸ் நகரின் நடுவே பெரிய கப்பல்கள் போவதற்கு 2021 ஆகஸ்டிலேயே தடை போட்டுவிட்டார்கள். பல கப்பல்கள் ரவென்னாவிலோ, ட்ரியெஸ்டேவிலோ நின்றுவிடுகின்றன. காலையில் இறங்கி மாலைக்குள் திரும்ப வேண்டும். பாதி நாள் பஸ்ஸில் போய்விடும். மீதி நாள் கல் பாவிய தெருக்களில் நடை. கிரீஸின் சாண்டோரினியில் கப்பல் கரைக்கே வராது. சின்னப் படகுக்கு மாறிப் பழைய துறைமுகத்தில் இறங்கினால், ஊர் மலை உச்சியில் இருக்கும். கேபிள் காருக்கு வரிசையில் நிற்க வேண்டும். இல்லையென்றால் கிட்டத்தட்ட 600 படிகள்! காலில் பலம் உள்ள வயதில் போக வேண்டிய இடம் இது.

அலாஸ்கா இதற்கு நேர்மாறு. க்ளேசியர் பே என்ற தேசியப் பூங்காவுக்குள் கப்பல் போகும், எங்கும் நிற்காது. பனிமலையும், அதிலிருந்து கடலில் உடைந்து விழும் பனிப்பாளங்களும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தெரியும். ஸ்வெட்டரும் ஒரு டம்ளர் காபியும் போதும், அம்மாவுக்குப் பொழுது போய்விடும். சீஸன் மே முதல் செப்டம்பர் வரை. சிக்கல் விசாதான். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி, வேறு நாட்டைத் தொடாமல் அங்கேயே திரும்ப அந்நாட்டின் 1886-ம் வருடச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அதனால் சியாட்டிலில் ஏறினாலும் கனடாவைத் தொட்டாக வேண்டும். நம்மவர்களுக்கு இரண்டு விசா!

கரீபியன், கடலில் குளிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு. ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே புயல் காலம். அம்மா தண்ணீரில் இறங்க மாட்டார் என்றால், மணல் பார்க்கவா அத்தனை மணி நேரம் விமானத்தில் போவது? மெரினா இருக்கிறதே!

என் ஓட்டு நார்வேக்கு. கெய்ராங்கர் போன்ற இடங்களில் இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, அதிலிருந்து விழும் அருவிகள், நடுவே நம் கப்பல். ஜூனில் ட்ரோம்சோ வரை போனால் நள்ளிரவிலும் சூரியன் மறையாது. ஹாம்பர்க்கிலோ கோபன்ஹேகனிலோ கிளம்பி, வழியில் பிரிட்டனைத் தொடாத கப்பலாகப் பாருங்கள். ஷெங்கன் விசா ஒன்றே போதும். சவுத்தாம்ப்டனில் ஏறினால் பிரிட்டன் விசாவும் தனியாக எடுக்க வேண்டும்.

எந்தப் பக்கம் முடிவு செய்தாலும், பணம் கட்டும் முன் பயண அட்டவணையை வாங்கி, ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் 'டெண்டர்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அந்த ஊரில் கப்பல் நடுக்கடலில் நிற்கும், ஆடும் படகுக்கு மாறித்தான் கரைக்குப் போக முடியும் என்று அர்த்தம். அலை அதிகமாக இருந்தால் அந்த ஊரையே விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பிவிடும்.