தலைவிதியா? போட்டி விதியா?

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990-ம் வருஷத்தில் திறந்த மைதானத்தில் மோட்டார் பந்தயம் நடந்து வருகின்றது. அதைப் பார்த்துவரும் வாலிபர்கள் ஜெயித்தவனுக்கு "ஜாதக யோகம்" என்றும், தோற்றவனுக்குத் "தலைவிதி" என்றும் சொல்லிக்கொள்ளுவதை நாம் பல தடவை கேட்டிருக்கின்றோம். என்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவனே சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குவானானால், அவன் கற்ற தொழில் எதற்கு என்று கேட்கின்றோம்.

தோழர்களே! சாம்பியன் பட்டத்தைத் தீர்மானிப்பது விதிதான். ஆனால் அது பிரம்மா எழுதிய விதியல்ல. பாரிஸில் தலைமை ஆபீஸ் வைத்திருக்கும் சர்வதேச மோட்டார் சங்கத்தார் காகிதத்தில் எழுதிய விதி.

ருஜு வேண்டுமா? 1988-ம் வருஷத்திய பார்முலா ஒன் பந்தயத்தில் 16 ஓட்டங்கள். பிரான்சுக்காரர் புரோஸ்ட் சேர்த்த புள்ளி 105. பிரேசில்காரர் சென்னா சேர்த்தது 94. பட்டம் யாருக்கு? சென்னாவுக்கு! ஏனெனில் ஒருவர் நன்றாய் ஓடிய 11 ஓட்டங்களை மாத்திரமே கணக்கில் சேர்ப்பது என்பது அன்றைய விதி. புரோஸ்ட் 7 தடவை முதலாவது, 7 தடவை இரண்டாவது. விடாமல் நன்றாய் ஓடியதே அவருக்கு வினையாயிற்று. மூன்று இரண்டாமிடங்கள் கழிந்து 105 என்பது 87 ஆயிற்று. சென்னாவுக்கு 4 மட்டும் போய் 90 நின்றது. 1991 முதல் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். எடுத்தபோது எந்தக் கிரகம் இடம் மாறிற்றோ, பஞ்சாங்கக்காரர்கள்தான் சொல்லவேண்டும்.

2002-ல் ஷூமாக்கர் ஜூலை மாதத்திலேயே பட்டத்தை முடித்துவிட்டார். அடுத்த வருஷமே இரண்டாமவனுக்குரிய 6 புள்ளி 8 ஆயிற்று. முதலாமவனுக்கு அதே 10. முடிவு சீக்கிரம் தெரிந்துவிட்டால் டிக்கட்டு வாங்குகிறவன் வருவானா?

நிற்க. நமது நரேன் கார்த்திகேயன் 2005 ஜூன் 19-ல் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் நான்காவதாய் வந்து 5 புள்ளி பெற்றார். உடனே "அதிர்ஷ்டம்" என்றார்கள். மிஷெலின் டயர் அந்த மைதானத்தில் தாங்காதென்று 20 வண்டிகளில் 14 விலகின. வேறு டயர் போட்ட 6 வண்டிகளே ஓடின. டயரின் கோளாறுக்கு அதிர்ஷ்டம் என்று பெயரா? அந்த நான்காமிடத்துக்கு 2002 வரையிலுள்ள விதிப்படி 3 புள்ளிதான். 2010-ல் வந்த விதிப்படியோ 12. ஓட்டியவர் ஒருவர், ஓட்டம் ஒன்று, கூலி மூன்று விதம்!

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் யாராவது ஜோசியரைக் கண்டால் கேளுங்கள்: நரேன் ஜாதகத்தில் எழுதியிருந்தது 3-ஆ, 5-ஆ, 12-ஆ?