நடைமேடைப் பேச்சு: பழைய தலைப்புகளின் பலாபலன்

போகி வருகிறதென்றால், பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைக்கும் திருப்பணி ஆண்டுதோறும் நமக்கே வாய்க்கும். கரக்பூருக்கு ரயில்வே வேலையாக முதன்முதல் வந்த நம் பாட்டனார் ஊரிலிருந்து சுமந்து வந்த பெட்டி அது. பாட்டனார் சிக்கனக்காரர். பெட்டியின் அடியில் பத்திரிகைத் தாள் விரிப்பார். அது பழுத்துப்போனால் எடுத்தெறிய மனம் வராது. அதன் மேலேயே புதியதை விரிப்பார். ஆகவே அந்தப் பெட்டியின் அடியில் ஒரு சரித்திரமே படிந்து கிடந்தது.

துணியைக் கீழே வைத்துவிட்டு வாசிக்க உட்கார்ந்தோம்.

"பெட்டியைத் துடைக்கச் சொன்னால் பரீட்சைக்குப் படிக்கிறீர்களே! அவ்வளவும் போகிக்குக் கொளுத்த வேண்டிய குப்பை" என்றார் இல்லத்தரசியார்.

அன்பர்களே, பரீட்சைக்கு இவ்வளவு சிரத்தையாகப் படித்திருந்தால் நாம் மெட்ரிகுலேஷனோடு நின்றிருப்போமா?

மேலே இருந்த தாள் 1979ஆம் ஆண்டினது. சுமார் 77 டன் எடையுள்ள ஸ்கைலாப் என்னும் அமெரிக்க விண்வெளி நிலையம் யார் தலையில் விழுமோ என்று உலகமே அண்ணாந்து பார்த்த ஜூலை மாதம். அது நம் பார்சல் ஆபீசு வாசலில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். அனுப்பியவர் நாசா, பெறுபவர் எவருமில்லை, ரசீதும் இல்லை. பதிவில்லாத சரக்கை உள்ளே விட்ட குமாஸ்தா யார் என்று முதலில் நம்மிடம் விளக்கம் கேட்டிருப்பார்கள். பிறகு, உரிய நேரத்தில் எடுத்துச் செல்லாத குற்றத்துக்காக வார்ஃபேஜ் கட்டணம் மணிக்கு மணி ஏறி, இன்றைக்கு அமெரிக்கக் கஜானாவையே கேட்டிருக்கும்!

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். அவ்வாண்டு ஜூலை 11ஆம் தேதி ஸ்கைலாப் இந்துமகா சமுத்திரத்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறி விழுந்தது. அங்குள்ள எஸ்பரன்ஸ் என்னும் ஊரின் நிர்வாகத்தார், கண்ட இடத்தில் குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தார்கள். நம் இனத்தார் எங்கும் இருக்கிறார்கள்!

அடுத்த தாள் 1957 ஏப்ரலைச் சேர்ந்தது. ரூபாய்க்கு 64 பைசா என்றிருந்தது போய், 100 நயா பைசா என்று மாறிய சமயம். ஒரே இரவில் சம்பளம் பெருகிவிட்டதென்று மாமியார் வீட்டுக்குக் கடிதம் எழுதிய மாப்பிள்ளை எங்கேனும் ஒருவர் இருந்திருப்பார் என்பது நம் அனுமானம். அதைவிடப் பெரிய சங்கடம் வசைமொழிக்கு வந்திருக்கும். காலணாவுக்கு மாற்று விகிதப்படி சரியாக ஒன்றரைக்குச் சற்று மேல் வரும். பட்டியலில் அதை முழுசாக்கி 2 நயா பைசா என்று போட்டார்கள். "காலணா பெறாதவனே" என்று திட்டு வாங்கியவரெல்லாம், சர்க்கார் தயவால் கால் பங்குக்கு மேல் மதிப்பு உயர்ந்தார்கள் அல்லவா?

தலைப்புகள் முந்திக்கொள்ளும் சாதி. 1948இல் சிகாகோப் பத்திரிகை ஒன்று, தேர்தலில் ட்ரூமனை டூவி தோற்கடித்துவிட்டார் என்று அச்சிட்டே விட்டது. வென்ற ட்ரூமனோ, செயிண்ட் லூயிஸ் நிலையத்தில் ரயிலின் பின்மேடையில் நின்றபடி அந்தத் தாளைச் சிரித்துக்கொண்டே தூக்கிக் காட்டினார். அந்த ரயிலில் டிக்கெட் பரிசோதகர் நாமாக இருந்திருந்தால், பத்திரிகையை நம்பி அவரை இறக்கிவிட்டிருப்போம்.

பெட்டியின் அடித்தகரத்தை ஒட்டி இன்னும் ஒரு தாள் இருந்தது. விரித்ததன்று, நான்காய் மடித்தது. ஆண்டோ 1962. காலக்கிரமப்படி 1957க்கு மேலே இருக்க வேண்டியது, கீழே எப்படிப் போயிற்று?

அஷ்டக்கிரகச் சேர்க்கை! பிப்ரவரி 3 முதல் 5 வரை மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடுகின்றன, உலகம் அழியும் என்று தேசமெங்கும் பீதி. ஊருக்கு ஊர் யாகம். பாட்டியார் நமக்குச் சொன்ன கதை அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பாட்டியார் தம் தாயாரைப் பார்த்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பாஸ் இருந்தால் லீவு இல்லை. லீவு இருந்தால் கையில் காசு இல்லை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார் பாட்டனார். அடுத்த வருஷமே கிடையாது என்று பத்திரிகை சொன்னதும், "அழிவதானால் ஊரிலேயே அழிவோம்" என்று லீவுக்கு மனுப் போட்டார். பெரிய குமாஸ்தா மனுவைப் பார்த்துவிட்டு, "உலகம் ஐந்தாம் தேதி முடிகிறதாமே, பத்தாம் தேதி வேலைக்குத் திரும்புவதாக எழுதியிருக்கிறீரே, எப்படி?" என்று கேட்டாராம். "விதிப்படி எழுதத்தானே வேண்டும்" என்றாராம் பாட்டனார்.

மெட்ராஸ் மெயிலில் புறப்பட்டுக் கும்பகோணத்துப் பக்கத்துச் சிற்றூர் சேர்ந்தார்கள். ஆறாம் தேதி காலை சூரியன் வழக்கம்போல் உதித்தான். பால்காரரும் வழக்கம்போல் தண்ணீர் கலந்தே ஊற்றினார்.

அவ்வாண்டு ஐப்பசியில் தந்தி வந்தது. பாட்டியார் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்திருந்தது.

"அந்தப் பொய்ச் சேதி வராமல் இருந்திருந்தால், என் அம்மா முகத்தை நான் பார்த்தே இருக்கமாட்டேன், கண்ணு" என்பார் பாட்டியார். எழுதப் படிக்க அறியாதவர் அவர். மடித்து வைத்தது யார் என்று நாம் விசாரிக்க வேண்டியதில்லை.

இன்று கைப்பேசியில் நாளுக்கு நாலு உலக அழிவு வருகிறது. நாம் ஒன்றுக்கும் எழுந்திருப்பதில்லை. ஊரில் இருக்கும் நம் தாயாருக்கு, "வருகிறோம்" என்று சொல்லி இரண்டு பொங்கல் ஆகிவிட்டன. அவர் வாசலில் காத்திருப்பதை எந்தப் பத்திரிகையும் கொட்டை எழுத்தில் போடப் போவதில்லை.

பெட்டியைத் துடைத்து, மடித்த தாளை இருந்த இடத்திலேயே வைத்தோம். மறுநாள் லீவுக்கு மனுக் கொடுத்தோம். காரணம்: தாயாரைக் காண. திரும்பும் தேதியையும், விதிப்படி, குறித்திருக்கிறோம்.