சூறைக்குருவிகள் டெல்லியைக் கடக்கும் மாதம்

திருநெல்வேலிப் பக்கத்துக் குளங்களில், மாலை நேரங்களில் ஆயிரக்கணக்கில் திரண்டு, வானத்தில் சுருண்டு விரிந்து, கடைசியில் ஒரே வீச்சில் மரங்களில் இறங்கும் பறவைகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். சூறைக்குருவி என்றும் சோளக்குருவி என்றும் சொல்லப்படும் இவை, மழைக்காலத்துக்கு முன்பே வந்துசேரும்போது மங்கலாகத்தான் இருக்கும். புதிதாக முளைத்த இறகுகளின் நுனி பழுப்பாக இருப்பதே காரணம். மாதங்கள் போகப்போக அந்த நுனி தேய்ந்து உதிர, அடியில் இருக்கும் ரோஜா நிறம் துலங்கிவரும். அந்த நிறம் முழுமையாகக் கூடும் நேரத்தில் பறவை நம் ஊரைவிட்டுக் கிளம்பிவிடுகிறது. அந்தக் கோலத்தில் அவற்றைப் பார்க்கும் வாய்ப்பு மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் டெல்லிக்குக் கிடைக்கிறது.

அங்கே அவை தேடிப் போவது பூங்காக்களை அல்ல, இரண்டு மரங்களை. ஒன்று முள்ளிலவு. அதன் தடித்த சிவப்புப் பூவுக்குள் தலையை நுழைத்துத் தேன் குடித்துவிட்டு நிமிரும் சூறைக்குருவியின் கறுத்த நெற்றியில் மகரந்தம் அப்பியிருக்கும். மற்றொன்று முசுக்கட்டை, டெல்லியில் ஷாதூத். இதன் பழம் நடைபாதையெல்லாம் விழுந்து கறைபடுத்துகிறது என்று குடியிருப்புகளில் முணுமுணுப்பு எழும் அதே வாரங்களில்தான், மத்திய ஆசியப் புல்வெளிகளுக்குத் திரும்பும் ஒரு கூட்டத்துக்கு அந்தப் பழம் வழிச்சோறாகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் அவை வெட்டுக்கிளிகளை வேட்டையாடும். சீனாவின் சின்ஜியாங்கில் பூச்சிமருந்தைக் குறைப்பதற்காகவே இந்தப் பறவைகளுக்குக் கற்களை அடுக்கிக் கூடுகட்ட இடம் அமைத்துக் கொடுக்கிறார்கள். 1980களில் தொடங்கிய வேலை அது.

சூறைக்குருவி அரிய பறவை அல்ல. ஆனால் அது கடக்கும் அதே வாரங்களில், அதே மரங்களின் வழியாக, எளிதில் கண்ணில் படாத பலவும் கடந்துபோகின்றன. நீலகிரியில் குளிர்காலத்தைக் கழித்த நீல ஈப்பிடிப்பான், வெள்ளை வாலை நாடாபோல் இழுத்துச் செல்லும் அரசவால் ஈப்பிடிப்பான், பத்து கிராம்கூட எடை இல்லாத பச்சைக் கதிர்க்குருவி எல்லாம் இமயமலைப் பக்கம் போகின்றன. தமிழ்நாட்டுத் தோப்புகளில் காலையும் மாலையும் ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் பெயர்பெற்ற ஆறுமணிக்குருவியும் கோடையில் வடக்கே போய்க் கூடுகட்டுகிறது. டெல்லியில் அது தென்படுவது அபூர்வம். தென்பட்டால் கேமராக்கள் கூடிவிடும்.

கூடட்டும், தவறில்லை. காந்தியின் நண்பரான ஹொரேஸ் அலெக்சாண்டர் முன்னின்று 1950இல் தொடங்கிய டெல்லி பறவை நோக்கர் சங்கத்தில் இந்திரா காந்தியும் உறுப்பினராக இருந்தார். டெல்லி வட்டாரப் பறவைகளைப் பற்றி உஷா கங்குலி எழுதிய வழிகாட்டி நூல் 1975இல் வந்தது. 400க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவான தலைநகரம் இது. கவனிக்கும் பழக்கத்துக்கு இங்கே குறைவில்லை. ஆனால் அந்தக் கவனம் குளிர்காலத்தில் குவிந்துகிடக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில். டெல்லிப் பறவை ஆர்வலர்கள் ஒரே நாளில் பறவைகளை எண்ணும் பெருநாள் பிப்ரவரியில். யமுனைக் கரையிலுள்ள ஓக்லாவில் வாத்துகள் நிறைந்திருக்கும் காலம் அது. ஏப்ரலில் வெயில் ஏற ஏற ஆட்கள் குறைந்துவிடுகிறார்கள். ஒரு மரத்தில் இரண்டு நாள் மட்டும் தங்கிப்போகும் பறவை, பார்க்க ஆளில்லாத காலத்தில் வந்தால் எந்தப் பட்டியலிலும் ஏறாது. பட்டியலில் ஏறாத பறவைக்காக எந்த அதிகாரியும் மரம் வெட்டுவதைத் தள்ளிவைக்கமாட்டார்.

டெல்லியிலிருந்து வடக்கே போகும் வலசை வழியை அறிவியலே உறுதிசெய்திருக்கிறது. குளிர்காலத்தில் காஜிப்பூர் குப்பைமேட்டின் மேல் வட்டமிடும் கரும்பருந்துகளில் பெருங்கூட்டம் மத்திய ஆசியாவிலிருந்து வந்தது. ஆய்வாளர் நிஷாந்த் குமாரும் அவருடைய குழுவினரும் 19 பருந்துகளின் உடலில் ஜிபிஎஸ் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். 2020இல் வெளியான முடிவு வியப்பூட்டியது: அவை காரகோரம் மலைத்தொடரை, கே2 சிகரம் இருக்கும் பகுதியில், சில இடங்களில் 6,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் கடந்து, 3,300 முதல் 4,800 கிலோமீட்டர்வரை பறக்கின்றன. பயணத்துக்கு ஏறத்தாழ நான்கு வாரம் ஆகிறது. பெரிய பருந்துக்குக் குப்பைமேடு தீனி போடுகிறது. கதிர்க்குருவிக்கு அப்படி எதுவும் இல்லை. இலைக்கு அடியில் புழு இருந்தால்தான் அதன் உடம்பில் கொழுப்பு சேரும். கொழுப்பு சேர்ந்தால்தான் அடுத்த இரவு பறக்கலாம்.

இந்த இடத்தில்தான் அரசின் பேச்சும் செயலும் இரண்டு பக்கம் நிற்கின்றன. சுமார் 30 நாடுகளைத் தொடும் மத்திய ஆசியப் பறவை வழித்தடத்துக்கான ஒருங்கிணைப்பு மையம் இந்தியாவில் அமையும் என்று 2024 பிப்ரவரியில், உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டில் நடந்த ஐ.நா. மாநாட்டில் முடிவானது. அதே பிப்ரவரியில், தெற்கு டெல்லியின் சத்பரி பகுதியில், துணை ராணுவப் படைகளுக்கான மருத்துவமனைக்குச் சாலையை அகலப்படுத்த நூற்றுக்கணக்கான மரங்களை டெல்லி வளர்ச்சி ஆணையம் வெட்டித் தள்ளியது. அரவல்லி மலைத்தொடரின் வடக்கு நுனியான ரிட்ஜ் காட்டின் பகுதியும் அடங்கிய இடம் அது. உச்ச நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் நடந்த வேலை. 2025 மே மாதம் அதை நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்ப்பளித்த நீதிபதிகள், சம்பந்தப்பட்ட அதிகாரிகளுக்குத் தலா ரூ.25,000 அபராதம் விதித்தார்கள். ஈடாகக் காடு வளர்க்கவும் உத்தரவிட்டார்கள். மருத்துவமனை தேவைதான். ஆனால் அதைச் சொல்லி, வலசை தொடங்கும் வேளையில் அனுமதியின்றி மரம் வெட்டியதை நியாயப்படுத்த முடியாது.

2016 மார்ச்சில் யமுனையின் வெள்ளச் சமவெளியில் வாழும் கலை அமைப்பின் உலகப் பண்பாட்டு விழா மூன்று நாள் நடந்ததும் இதே பருவத்தில்தான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் முதற்கட்டமாக ரூ.5 கோடி இழப்பீடு கேட்டது. நாணலும் புல்லும் மண்டிய ஆற்றுப்படுகையைச் சும்மா கிடக்கும் நிலம் என்று நினைப்பதுதான் இதன் வேர். கரையைச் சமன்படுத்திப் புல்தரை விரித்து நடைபாதை போடுவது பார்வைக்கு அழகாக இருக்கலாம். நாணலுக்குள் ஒளிந்து பூச்சி பிடிக்கும் குருவிக்கு அங்கே வேலையில்லை.

நல்ல முன்மாதிரியும் அதே டெல்லியில் இருக்கிறது. வசந்த் விஹார் அருகே, சுரங்கம் தோண்டிப் பாழாகி, நம் ஊர்க் கண்மாய்களைப் போலவே சீமைக்கருவேலம் அடைத்துக்கிடந்த மேட்டை, டெல்லி பல்கலைக்கழகத்தின் துணையோடு மண்ணின் மரங்கள் நிறைந்த அரவல்லி பல்லுயிர்ப் பூங்காவாக மாற்றியது அதே வளர்ச்சி ஆணையம்தான். செய்யத் தெரியாதவர்கள் அல்ல என்பதால்தான் சத்பரி கூடுதலாக வலிக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியமும் அல்ல. மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை, ஆபத்தான கிளைகளைத் தவிர, டெல்லியில் மரம் வெட்டவும் கிளை கழிக்கவும் தடை வேண்டும். 1994ஆம் ஆண்டின் டெல்லி மரப் பாதுகாப்புச் சட்டம் மர அலுவலரின் கையில் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. அனுமதிக் கடிதத்தில் பருவத்தையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தால் போதும். சாலையோரம் நடும் கன்றுகளில் முள்ளிலவுக்கும் முசுக்கட்டைக்கும் இடம் வேண்டும். தமிழ்நாடு வனத்துறை நீர்ப்பறவைகளைத் தனியாகவும், நிலப்பறவைகளை மார்ச்சில் தனியாகவும் கணக்கெடுக்கிறது. டெல்லி வனத்துறையும் ஏப்ரல் நடுவில் அப்படியொரு கணக்கெடுப்பை ஆண்டுதோறும் நடத்தலாம். அந்தப் பட்டியலில் வரும் பறவைகளில் ஒரு பகுதி, அதற்குச் சில வாரங்களுக்கு முன்புவரை தமிழ்நாட்டில் இரை தேடியவை. ஆகவே இந்தக் கோரிக்கையை நாடாளுமன்றத்தில் எழுப்பும் உரிமை தமிழ்நாட்டு உறுப்பினர்களுக்கும் உண்டு.