வக்கீல் மீது புகாரா? இருக்கும் வாசலையாவது முழுசா திறங்க!

‘கேஸ் போட்டாச்சு சார், அடுத்த மாசம் வாய்தா’ என்று வக்கீல் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இ-கோர்ட்ஸ் ஆப்பில் தேடினால் அப்படி ஒரு வழக்கே பதிவாகவில்லை. கொடுத்த ஃபீஸும் திரும்பவில்லை, சொத்துப் பத்திரங்களும் அவரிடமே இருக்கின்றன. வாங்கிய செல்போன் பழுது என்றால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம். வக்கீல் மேல் அப்படிப் போக முடியுமா?

முடியாது. வழக்கறிஞர்களின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2007-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் ‘வரும்’ என்று சொன்னது அதோடு ரத்தானது. சிவில் வழக்கு போடலாம். மோசடி என்றால் போலீஸுக்கும் போகலாம். ஆனால் ஒருவர் கறுப்பு கோட்டு போட்டுத் தொழில் செய்ய இன்னும் தகுதியானவரா என்று விசாரித்துத் தண்டிக்கும் வேலை பார் கவுன்சிலுடையது. அந்த வாசல் எப்படி இருக்கிறது என்பதுதான் இப்போது கேள்வி.

எதெல்லாம் ஒழுங்கீனம்?

1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-வது பிரிவு, ‘தொழில்முறை அல்லது பிற ஒழுங்கீனம்’ பற்றிப் பேசுகிறது. ஆனால் அது என்ன என்று வரையறுக்கவில்லை. இந்திய பார் கவுன்சிலின் விதிகளும் தீர்ப்புகளும்தான் அதை நிரப்புகின்றன. கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்கு காட்டாமல் இருப்பது, ஒரு தரப்புக்கு ஆலோசனை சொல்லிவிட்டு எதிர்த்தரப்புக்கு ஆஜராவது, ‘ஜெயிச்சா இத்தனை சதவீதம்’ என்று ஃபீஸ் பேசுவது எல்லாம் விதிமீறல்.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் கேஸ் கட்டு. ‘பாக்கி ஃபீஸைக் கொடுத்துட்டு கட்டை வாங்கிக்கோங்க’ என்று சொல்ல வக்கீலுக்கு உரிமை இல்லை. 2000-ம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பாக்கி இருந்தால் அதற்குத் தனியாக வழக்கு போடட்டும். கட்டைப் பிடித்து வைப்பது ஒழுங்கீனம்.

அதேசமயம், கேஸ் தோற்றுப்போனது ஒழுங்கீனம் ஆகாது. வெறும் கவனக்குறைவும் ஆகாது. அதில் நேர்மைக்கேடு கலந்திருக்க வேண்டும் என்று 1963-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, தேதியை மறந்து கேஸைக் கோட்டைவிட்ட வக்கீல் மேல் நுகர்வோர் நீதிமன்றமும் போக முடியாது, பார் கவுன்சிலிலும் புகார் நிற்பது கஷ்டம். மிச்சமிருப்பது சிவில் வழக்கு. அதை நடத்த இன்னொரு வக்கீல் வேண்டும்!

புகார் எப்படி நகரும்?

தமிழ்நாட்டில் பதிவு செய்த வக்கீல் என்றால், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் கையெழுத்திட்ட மனுவாகப் புகார் தர வேண்டும். வக்காலத்து நகல், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல், ரசீது எல்லாம் சேர்த்து வைப்பது நல்லது. முகாந்திரம் இருப்பதாக கவுன்சில் கருதினால், மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். மூவரும் வழக்கறிஞர்களே.

சாட்சிகளை வரவழைக்க சிவில் நீதிமன்றத்துக்கு இருக்கும் அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு. புகாரைத் தள்ளுபடி செய்யலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை போடலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். தீர்ப்பில் திருப்தி இல்லாதவர் 60 நாட்களுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கும், அதன் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு செய்யலாம்.

சிக்கல் எங்கே?

காகிதத்தில் எல்லாம் பக்கா. கடிகாரம்தான் ஓடவில்லை. ஒரு வருஷத்துக்குள் புகாரை முடிக்காவிட்டால் அது டெல்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும் என்கிறது 36-பி பிரிவு. தாமதத்தைத் தடுக்க வந்த பிரிவு, தாமதத்தை டெல்லிக்கு ஏற்றிவிடும் வழியாகிவிட்டது. இப்படி மாற்றப்பட்ட புகார்கள் ஆயிரத்துக்கும் மேல் என்பது 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. மாநில கவுன்சில்கள் ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும், மாறி வந்தவற்றை இந்திய பார் கவுன்சிலும் ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. விசாரணைக்கு ஓய்வுபெற்ற நீதித்துறை அதிகாரிகளைப் பயன்படுத்தலாம் என்றும் வழி சொன்னது.

தண்டனையின் அளவும் கேள்விக்குரியது. 1970-களில் மெட்ராஸில் ஒரு வக்கீல், புரோநோட்டுப் பணத்தை மீட்டுத் தரச் சொல்லி வந்த காது கேளாத முதியவரையும் ஒரு பெண்ணையும் ‘கேஸ் போட்டாச்சு’ என்று பொய் சொல்லி ஏமாற்றினார். மாநில பார் கவுன்சில் ஆறு வருஷம் தடை போட்டது. இந்திய பார் கவுன்சில் அதை ஒரு வருஷமாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றமோ, அதிலும் ஒரு பகுதியை ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி செய்து கழிக்க வாய்ப்பளித்தது.

நீதிமன்றமே தண்டிக்கலாமே?

அதையும் முயன்று பார்த்தார்கள். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம், வக்கீல்கள் ஆஜராவதைத் தானே தடை செய்யும் அதிகாரத்தை விதிகளில் சேர்த்தது. பெரிய போராட்டம் வெடித்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. ஒழுங்கு நடவடிக்கை பார் கவுன்சிலின் வேலை என்றது. 2025 பிப்ரவரியில் வந்த சட்டத் திருத்த வரைவு, இந்திய பார் கவுன்சிலில் மத்திய அரசு நியமிக்கும் உறுப்பினர்களைச் சேர்க்கப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அரசு பின்வாங்கியது.

இந்த எதிர்ப்புகளில் நியாயம் உண்டு. நீதிபதியையும் அரசையும் எதிர்த்து வாதாட வேண்டியவரின் பிழைப்பு அவர்கள் கையிலேயே இருந்தால், பாதிக்கப்படுவது கட்சிக்காரர்தான். ஆனால் ‘எங்களை நாங்களே விசாரிப்போம்’ என்று கேட்டு வாங்கியவர்கள், விசாரித்தும் காட்ட வேண்டும்.

என்ன மாற வேண்டும்?

ஒரு வருஷக் கெடுவை உண்மையான கெடுவாக்க வேண்டும். புகார் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வழக்கு நிலையைப் போலவே செல்போனில் பார்க்க முடிய வேண்டும். எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது, என்ன தண்டனை என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். குழுவில் வழக்கறிஞர் அல்லாத, அரசும் நியமிக்காத ஒருவர் உட்கார வேண்டும். இங்கிலாந்தில் சொலிசிட்டர்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார்.

இதில் நேர்மையான வக்கீல்களுக்குத்தான் முதல் லாபம். ஒருவர் செய்யும் மோசடிக்கு ‘வக்கீல்னாலே இப்படித்தான்’ என்று கெட்ட பெயர் வாங்குவது மற்ற எல்லோரும்தான். நுகர்வோர் நீதிமன்றத்தின் வாசல் மூடியாகிவிட்டது. பார் கவுன்சிலின் வாசலில் நிற்பவரையும் வருஷக்கணக்கில் காக்க வைத்தால், தொழிலின் சுதந்திரம் என்ற வாதத்தை மக்கள் நம்ப மாட்டார்கள்.